மூன்றரை

“சீ, கருமம்! இதைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவணும்.” சுத்தம் சார் அந்தக் காகிதங்களை இரண்டு விரல்களால் தூக்கி, செத்த எலியைப் போடுவதுபோல மேசையின் ஓரத்தில் போட்டார்.

காகிதத்தில் அழுக்கு எதுவும் இல்லை. அது ஓர் இசையமைப்பாளர் கையால் எழுதிய இசைக்குறிப்பு; ‘பார்’ எனப்படும் தாளக் கட்டங்களாகப் பிரித்த பாட்டு. அப்படி வருவதைக் கணினியில் நோட்டு நோட்டாக அடித்து அச்சுக்குத் தருவதுதான் இருபது வருடமாக அவர் வேலை. பிசிறில்லாமல் தருவதால் அந்த இசைப் பதிப்பகத்தில் அவருக்கு அந்தப் பெயர்.

“என்ன சார் ஆச்சு?” என்று முதலாளியம்மா வந்தார்.

“நீங்களே எண்ணிப் பாருங்க மேடம். முதல் பார் மூணரை எண்ணிக்கை, அடுத்தது அஞ்சரை, அப்புறம் நாலரை. ஒவ்வொரு பார் முடிவுலயும் ஒரு அரை எண்ணிக்கை வெட்டியா நிக்குது. பாடறவங்க அங்க என்ன, கொட்டாவி விடறதா?”

“கொஞ்சம் அடிச்சுத்தான் பாருங்களேன்.”

அவர் புதுக் கோப்பு திறக்கிற ஆளில்லை. முந்தைய வேலையின் கோப்பில் நோட்டுகளை மட்டும் துடைத்துவிட்டு, பார் அளவு உட்பட அதே அமைப்பின் மேலேயே அடுத்ததை அடிப்பார். முகத்தைச் சுளித்துக்கொண்டே நான்கு நோட்டு அடித்தார். பாரில் மீதமிருந்த இடத்தை மென்பொருள் தானாகவே மௌனக் குறி போட்டு நிரப்பிக்கொண்டது.

“பாத்தீங்களா, இந்தச் சனியனும் அவங்களோட கூட்டு! கொஞ்சம் இடம் கிடைச்சா மௌனத்தைக் கொட்டிடும். நடனத்துக்குன்னா மூணரை சரி, காலைத் தூக்கி வைக்கணும். போன வருஷம் ஒரு நடனக் குழுவுக்கு வாரம் முழுக்க மூணரையா அடிச்சு எனக்குக் காய்ச்சலே வந்துடுச்சு.”

“காய்ச்சலோடயே அடுத்த நாள் ஒரு தாலாட்டையும் முடிச்சுக் குடுத்தீங்களே, அது இவங்களோடதுதான் சார். அதுக்குப் பரிசு கிடைச்ச பிறகுதான் இப்படி எழுத ஆரம்பிச்சாங்க.”

“அதானே பாத்தேன்! அப்ப ஒழுங்கா மூணு மூணாத்தானே எழுதியிருந்தாங்க. அற்பனுக்கு வாழ்வு வந்தா அர்த்த ராத்திரியில குடை பிடிப்பானாம்.”

“திங்கட்கிழமை பாடகர் குழு கையில இருக்கணும் சார்.”

“இந்த அசிங்கம் என் கையால வெளிய போகாது. ஒண்ணு அவங்க, இல்ல நான். இருபது வருஷத்துல என் பக்கத்துல ஒரே ஒரு தப்பு காட்டச் சொல்லுங்க, அந்த நிமிஷமே இந்த நாற்காலியைக் காலி பண்ணிடறேன்!”

முதலாளியம்மா கையைப் பிசைந்துகொண்டு நின்றார். சுத்தம் சாரைப் போல இன்னொரு கை கிடைக்காது என்பது அவருக்குத் தெரியும்.

அந்த நேரம் பார்த்து, கையில் பூங்கொத்துடன் அந்த இசையமைப்பாளரே உள்ளே வந்தாள். முப்பது வயது இருக்கலாம். “நீங்கதான் சுத்தம் சாரா? ஒரு வருஷமா உங்களை நேர்ல பாக்கணும்னு நினைச்சுட்டிருக்கேன்.”

“பூவெல்லாம் இருக்கட்டும். அந்தத் தாலாட்டை எழுதின கை, இந்தக் கண்றாவியை எப்படிம்மா எழுதுச்சு?”

அவள் கோபித்துக்கொள்ளவில்லை, முகம் மலர்ந்தது. பையிலிருந்து தாலாட்டின் இரண்டு பிரதிகளை எடுத்தாள். தன் கையால் எழுதியதையும் அவர் அச்சுக்கு அடித்துத் தந்ததையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தாள்.

“அரங்கத்துலதான் சார் நானே முதல் தடவை கேட்டேன். ஒவ்வொரு பார் முடிவுலயும், குழந்தை தூங்கிடுச்சான்னு எட்டிப் பாக்கற மாதிரி ஒரு சின்ன நிறுத்தம். எனக்கு அழுகையே வந்துடுச்சு.”

சுத்தம் சார் இரண்டு பக்கங்களையும் பார்த்தார். விரல் விட்டு எண்ணினார்; மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார். பிறகு நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

“நான் மூணுதான் எழுதியிருந்தேன். அதை மூணரை ஆக்கினது நீங்கதானே சார்!”