வெளிச்சம் படாத மண்

இளவரசி சுத்தியலை ஓங்கி அடித்தாள். இரும்புக் குழாய் மேட்டின் அடிமண்ணுக்குள் இரண்டு விரல் இறங்கியது.

இன்னும் ஒரு சாண் போக வேண்டும்.

கீழே ஜேசிபி நின்றது. பக்கெட்டில் மாலை, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். எல்லாம் தயார். கற்பூரம் காட்டத் தட்டில் வைத்த சாவியைத்தான் காணோம்.

செலியமேடு ஊரின் அந்தப் புதைமேடு இன்று கரும்புக்கொல்லையாகிறது. உள்ளே இருந்த தாழிகளைத் தொல்லியல் துறைக்காரர்கள் போன வருஷமே எடுத்துப் போய்விட்டார்கள். அடிமண்ணை யாரும் கேட்கவில்லை, இளவரசியைத் தவிர.

செத்தவர்களைப் புதைத்து மேடு எழுப்பிய அன்று மூடிப்போன தரை அது. இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய மழையும் வெயிலும் அதற்குள் பதிந்திருக்கும். ஆராய்ச்சிக்காக அவள் இரண்டு வருஷம் தேடி அலைந்ததில், அடிமண் கலையாமல் கிடைத்த ஒரே மேடு.

காலையில் கொல்லைக்காரர் சிவப்பிரகாசத்திடம் கெஞ்சிப் பார்த்தாள். "வண்டி ஸ்டார்ட் ஆவற வரைக்கும் நோண்டிக்க" என்று முடித்துவிட்டார்.

அவர் மனைவி செல்வகுமாரிதான் பக்கத்தில் வந்து ஒன்று கேட்டாள்.

"அப்பவும் இங்க நெல்லு நட்டாங்களா?"

"மண்ணுதான்க்கா சொல்லணும். வெளிச்சம் மட்டும் படக்கூடாது, பட்டா வயசு தெரியாமப் போயிடும்."

இப்போது அதே செல்வகுமாரி, டிரைவர் அருள்முருகனை வறுத்தெடுத்துக்கொண்டிருந்தாள். "பொறுப்பு வேணாமா? சட்டைய உதறுடா!"

அவன் உதறினான். சருகைக் கிளறினான். கடைசியில் இளவரசியின் பைப் பக்கம் கையை நீட்டினான்.

"அத்த தொடாத! வெளிச்சம் பட்டா மண்ணு கெட்டுடும்!"

செல்வகுமாரி போட்ட சத்தத்தில் அவன் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டான்.

இளவரசிக்குப் புரியவில்லை. பையில்தான் இன்னும் மண்ணே இல்லையே! விளக்கம் சொல்ல நேரமில்லை. அடித்தாள். அடித்தாள். குழாய் முழுசாக இறங்கியது.

சுற்றிலும் தோண்டி உருவினாள். மார்போடு அணைத்தபடி இரண்டு முனையையும் மூடிபோட்டு இறுக்கினாள். கறுப்புத் துணிக்காகப் பையைத் திறந்தாள்.

துணிக்கு மேல் ஒரு சாவி. குங்குமம்கூட இன்னும் காயவில்லை.

குழாயைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்துவிட்டு மேட்டை விட்டு இறங்கினாள். செல்வகுமாரியின் உள்ளங்கையில் சாவியை மறைவாக அழுத்தினாள்.

செல்வகுமாரி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நெல்லா இன்னான்னு போன் பண்ணி சொல்லு பாப்பா" என்றாள் மெதுவாக.

அடுத்த நொடி அவள் குரலில் கொல்லையே அதிர்ந்தது.

"யோவ், கெடச்சிடுச்சு! டயர் பக்கத்துலயே கெடக்குது, ஆம்பளைங்க ரெண்டு பேருக்கும் கண்ணு இன்னா பொடனியிலயா இருக்குது?"