முதல் வாளி

"மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டியா மாமா?"

வரப்பில் நின்றபடி இளவரசன் கேட்டான். வாய்க்கால் தகராறு கள்ளக்குறிச்சி கோர்ட்டுக்குப் போனதிலிருந்து பேச்சை நிறுத்தியிருந்தவன். பக்கத்து நிலத்துப் பூமாலைக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"இனிமேதான் மாப்ள, நம்ம மாட்டுக்கு."

அவர் மகள் ஷாலினி, ஸ்கூல் புராஜெக்டுக்காக, தண்ணீர்த் தொட்டியில் தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்தாள்.

"இன்னாப்பா இது, மோட்டார் தண்ணியவிட ஏழு டிகிரி கம்மி."

"சில்லுனு இருந்தா நல்லதுதானே?"

"வெயில்ல கெடக்கிற தண்ணி எப்படிப்பா சில்லுனு ஆவும்? யாரோ யூரியாவக் கொட்டியிருக்காங்க. அது கரையும்போது தண்ணியோட சூட்ட இழுத்துக்கும், லேப்ல அளந்து பாத்தோம். மாடு குடிச்சா செத்துடும்பா."

கைலியில் ஒட்டியிருந்த வெள்ளைக் குருணைகளை இளவரசன் சத்தமில்லாமல் தட்டிவிட்டான்.

"நல்லவேளை, நம்ம மாடு குடிக்கல" என்றாள் ஷாலினி.

பூமாலையின் முகம் வெளிறியது.

"மாப்ள... உன் செனமாடு கொட்டகையில வெக்கை தாங்காம நாக்கத் தொங்கப் போட்டுக்கினு நின்னுச்சு. தண்ணி சில்லுனு இருக்குதேன்னு மொத வாளிய அதுக்குத்தான் வெச்சேன். மொத்தத்தையும் குடிச்சிடுச்சு."

வரப்புக்கு அந்தப் பக்கம், இளவரசனின் கொட்டகையில், இவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டிருந்த மாட்டின் கழுத்துமணிச் சத்தம் நின்றுபோயிருந்தது.