ஒரு மூடி சிரப்

பொற்கொடியின் கைக்குழந்தைக்குப் பல் முளைக்கும் நேரம், ஓயாமல் அழுதது. சுவரில் இருந்த அழுகை மீட்டர் சிவந்துவிட்டால் அன்றைக்கு முழுக்க அந்த வீட்டுக்காரர்களுக்கு லிஃப்ட் கதவு திறக்காது. குடியிருப்போர் சங்கத்தின் சட்டம் அது. பிள்ளையைச் சுமந்தபடி இருபது மாடி ஏறி இறங்கியே அவளுக்கு முழங்கால் விட்டுப்போயிருந்தது.

காலையில் சங்கச் செயலாளர் தணிகாசலம் பாட்டிலும் கையுமாக வந்து நின்றார்.

“அலர்ஜி சிரப்தாம்மா. ஒரு மூடி ஊத்திவிடு, சாயங்காலம் வரைக்கும் மூச்சு காட்டாது. இங்க எல்லாப் பிள்ளைங்களுக்கும் இதான்.”

“இவனுக்கு அலர்ஜியே இல்லையே சார். தூங்க வைக்கிறதுக்கு இதைக் கொடுக்கவே கூடாதுன்னு டாக்டர் சொன்னாரு.”

“டாக்டரா உன் பக்கத்து வீட்டுல குடியிருக்காரு? பச்சத்தண்ணி மாதிரி இது. ஒண்ணும் ஆகாது.”

பொற்கொடி பாட்டிலை வாங்கினாள். ஒரு மூடி நிறைய ஊற்றி அவரிடமே நீட்டினாள்.

“அப்ப நீங்க குடிங்க.”

தணிகாசலம் பதறிப் பின்வாங்கினார். “நான் ஆபீஸ் போக வேணாமா? என் மேல இதோட வாடை அடிச்சாலே, ஓட்டுறப்ப தூங்கிடுவேன்னு என் கார் ஸ்டார்ட் ஆகாதும்மா!”

“உங்க காருக்கு இருக்கிற அறிவு உங்களுக்கு இல்லையே சார்.”

பாட்டில் முழுவதையும் அவர் தலையில் கவிழ்த்தாள். உள்ளே குழந்தை வீறிட்டது. மீட்டர் சிவந்தது. பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

“வாங்க சார், இன்னிக்கு ரெண்டு பேருமே நடப்போம்.”