ஜோடி ஊசி

வீலென்று அலறியது, மாப்பிள்ளை கிருபாகரனின் விரலைக் கவ்வியிருந்த கருவி.

மணமக்கள் இருவரின் ரத்தத்துக்கும் பொருந்தும் புரதத் துணுக்கில் மஞ்சள் காமாலைத் தடுப்பூசி தயாரித்து, நிச்சயதார்த்தத்தில் ஜோடியாகப் போட்டுக்கொள்வதுதான் இப்போதைய வழக்கம். அதைத் தள்ளிப்போடச் சொல்லி மாப்பிள்ளையின் அம்மா காலையிலிருந்தே நச்சரித்தது மணப்பெண் தேன்மதிக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

"மிஷின் ரிப்பேரா சிஸ்டர்?" என்று நர்ஸிடம் கேட்டார் அவள் அப்பா.

"இல்லைங்க. இவருக்கு ஏற்கெனவே ஜோடி ஊசி போட்டிருக்கு. வேற பொண்ணோட."

அப்பா தாம்பூலத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"யாருங்க அவ?" என்றாள் தேன்மதி.

கிருபாகரன் வாயைத் திறப்பதற்குள் அவன் அம்மா முந்திக்கொண்டாள்.

"அவ கோவிச்சுக்கிட்டுப் போயே ரொம்ப நாளாச்சும்மா, ஊசி இன்னுமா உடம்புல இருக்கு?"