ஸ்கேனர் சொன்ன பதில்

ரெஜினா தன் ஜெராக்ஸ் கடைக் கணினியில் லினக்ஸை அப்டேட் செய்ததும், சாதனங்களை மேய்க்கும் பொறுப்பு அந்த இயங்குதளத்தின் மைய நிரலான புதிய கெர்னலின் கைக்கு வந்தது. அது ஒவ்வொருவராகக் கூப்பிட்டது. கீபோர்டும் மவுஸும் உடனே குரல் கொடுத்தன.

"ஸ்கேனர்?"

பதில் இல்லை. புதிய கெர்னல் அடுத்த வேலைக்குப் போய்விட்டது. பாவம், அதற்கும் தலைக்கு மேல் வேலை.

கிழட்டு ஸ்கேனருக்கு விளக்கு சூடாகி விழிக்கவே நேரமாகும். "இருக்கேன்" என்று அது சொன்னபோது கேட்க ஆளில்லை.

ரெஜினா வயரைப் பிடுங்கிச் செருகிப் பார்த்தாள். மறுபடியும் அதே கதைதான். ஸ்கேனரின் தலையில் ரெண்டு தட்டு தட்டினாள். "போச்சு, இனி பழைய இரும்புக்குத்தான்" என்றாள்.

கடைசியாக, கணினியை அணைத்துவிட்டு, உள்ளே இன்னும் அழியாமல் இருந்த பழைய கெர்னலை எழுப்பினாள். அது கூப்பிட்டது. கூப்பிட்டுவிட்டு அங்கேயே நின்றது.

"இருக்கேண்ணே" என்றது ஸ்கேனர்.

"தெரியும்டா, மெதுவா வா."

விளக்கு தாமதமாக எரிந்ததைப் பார்த்ததும் ரெஜினாவுக்கு விஷயம் பிடிபட்டது. கொஞ்சம் பொறுத்துப் பார்க்கும்படி புதிய கெர்னலுக்கு ஒரு வரி எழுதிவைத்தாள்.

மறுநாள் புதிய கெர்னல் கூப்பிட்டுவிட்டுக் காத்திருந்தது.

"இருக்கேன் தம்பி."

புதிய கெர்னல் திடுக்கிட்டது. "ஐயோ, நேத்தும் இங்கதான் இருந்தீங்களா?"

"நேத்தும் இதையேதான் சொன்னேன்."