கூட்டைக் குளிர்விப்பவர்கள்

தேனீக்களின் வம்சத்தை ஆராய்கிற பெண், செலினின் வீட்டுப் பின்புறத்துப் பெட்டியிலிருந்து நாலைந்து தேனீக்களைப் பிடித்து ஸ்பிரிட் குப்பிக்குள் போட்டாள். பெட்டியின் வாசலில் வேறு சில, சிறகடித்து உள்ளே காற்று அனுப்பிக்கொண்டிருந்தன.

"எல்லாத்துக்கும் அம்மா ஒண்ணுதான். அப்பாதான் வேற வேற," என்றாள்.

செலின் ஜன்னல் வழியே உள்ளே பார்த்தாள். கட்டிலில் கிடக்கும் அம்மாவின் தலைமாட்டில் ரோஸ்லின் உட்கார்ந்திருந்தாள். அம்மாவின் முதல் கல்யாணத்து மகள். அம்மாவுக்கு முடியவில்லை என்று கேள்விப்பட்டு முந்தாநாள் வந்தவள். அவளும் செலினும் இன்னும் ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொள்ளவில்லை.

"அப்பம் சண்டை வராதோ?" என்று கேட்டாள் செலின்.

"வராது. ஒரே அப்பா பிள்ளைங்களா இருந்தா எல்லாம் ஒண்ணா வீச ஆரம்பிச்சு ஒண்ணா நிறுத்திடும். கூடு கொதிக்கும், இல்லன்னா ஒரேயடியா குளிர்ந்துபோயிடும். இந்தக் கூட்டுல சிலதுக்கு முன்னாடியே சூடு உறைக்கும், சிலதுக்கு மெதுவாத்தான்."

அந்தப் பெண் போன கொஞ்ச நேரத்தில் கரண்டும் போனது. அம்மா தலையைப் புரட்டினாள். ரோஸ்லின் உடனே பனையோலை விசிறியை எடுத்தாள். அதற்குள் அவள் கழுத்தெல்லாம் வேர்த்திருந்தது. செலின் கதவருகே நின்றாள். அவளுக்கு எப்போதுமே வேர்க்க நேரமாகும்.

வீசி வீசி ரோஸ்லினின் கை தளர்ந்தது. செலின் பக்கத்தில் போய்க் கையை நீட்டினாள்.

"தாங்கக்கா."

விசிறியின் காம்பு அக்காவின் வியர்வையில் ஊறியிருந்தது. செலின் அதைத் துடைக்காமல் பிடித்துக்கொண்டாள்.