நூல் கட்டிய கூடம்

ஜெசிந்தா எழுதிய கிராஃபிக்ஸ் நிரல் பதினொரு நாளாகக் கறுப்புத் திரையையே காட்டியது. பிழை என்று ஒரு வரிகூடச் சொல்லவில்லை. நிரலின் உறுப்புகளை அட்டைகளில் எழுதிக் கூடம் முழுக்க ஒட்டினாள். ஒன்றிலிருந்து அதை நம்பி நிற்கும் இன்னொன்றுக்குப் பூக்கட்டும் நூலை இழுத்துக் கட்டினாள். கணவன் செல்வின் சோற்றுத் தட்டோடு குனிந்து குனிந்து போய்வந்தான்.

"யார்கிட்டயாவது கேட்டா என்ன?"

"கேக்க மாட்டேன்."

பன்னிரண்டாம் நாள் காலையில் 'கட்டளைப் பட்டியல்' என்ற அட்டையின் நூலைச் சுண்டிப் பார்த்தாள். 'திரை' அட்டை அசையவில்லை. இடையில் இருந்த 'வரிசை' அட்டைக்கு அவள் நூலே கட்டியிருக்கவில்லை. முக்கோணம் வரையச் சொல்லிக் கட்டளை எழுதி வைத்தவள், அதை, கட்டளைகளை நிறைவேற்றும் வரிசைக்கு அனுப்பவே இல்லை. நிரலில் ஒரு வரி சேர்த்தாள். திரையின் நடுவில் சிவப்பாக ஒரு முக்கோணம் வந்து நின்றது.

செல்வின் எட்டிப் பார்த்தான். "இதுக்கா இவ்வளவும்?"

"இதுக்குத்தான்."

காபி போட எழுந்தாள். "நூலு இருக்கு, குனிஞ்சு போ" என்றான். அவள் குனியவில்லை. நூல்கள் ஒவ்வொன்றாக அவள் தோளில் பட்டு அறுந்தன.